ஏறிக்கொண்டே போன நம்பர்

மேஜரின் படத்திறப்பு விழாவில் அவரைப் பற்றிப் பேச எனக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்றே மூன்று நிமிடம்! அந்த மனுஷன் எங்களைத் திட்டிய திட்டுகளை மட்டும் சொல்லவே எனக்கு ஒரு முழு மதியம் வேண்டும். மேயருக்கு இருபது நிமிடமாம், வியாபாரிகள் சங்கத்துக்குப் பதினைந்தாம், மேஜரோடு இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவளுக்கு மூன்றாம். சரி, போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த மூன்று நிமிடத்தில் நான் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். அதை மேயர் முன்னால், அத்தனை பேர் முன்னால், மேஜரின் மகளிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்த பிறகுதான் அன்று காலையில் தலையே சீவினேன்.

எங்களுடையது தீயணைப்பான் செய்கிற கம்பெனி. ஆபீஸ், ஆஸ்பத்திரி, தியேட்டர் சுவர்களில் சிவப்பாக ஒரு உருளை தொங்குமே, அதேதான். இன்று நூற்று நாற்பத்தைந்து பேர் வேலை செய்கிறோம். ஆரம்பித்தபோது தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், மூன்று ஆள், ஒரு மேஜர். அவ்வளவுதான்.

நான் வந்து சேர்ந்த கதையைக் கேளுங்கள். அதற்கு முன்னால் ஒரு துணிக்கடையில் இருந்தேன். முதலாளி வாடிக்கையாளர் முன்னால் என்னை "ஏய்" என்று கூப்பிட்டார். நானும் அவரை "ஏய்" என்று கூப்பிட்டேன். அன்றோடு வேலை போனது. மேஜர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து ஷெட்டைத் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார். மறைக்கத் தெரியாது எனக்கு, நடந்ததை அப்படியே சொன்னேன்.

"நல்லா சண்டை போடுவியா?"

"நியாயம் என் பக்கம் இருந்தா போடுவேன் சார்."

"அப்ப சிலிண்டரோட சண்டை போடு. டெஸ்டிங் உன் பொறுப்பு. நீ வேணாம்னு சொன்ன சிலிண்டரை நானே வந்து கேட்டாலும் வெளிய விடக் கூடாது."

டெஸ்டிங் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் நிரப்பி, பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். முதல் நாளே ஒரு பெரிய சிலிண்டரில் முள் இறங்கித் தொலைத்தது. அவசர ஆர்டர் வேறு. இன்னொரு தடவை பார் என்றார் மேஜர். பார்த்தேன், மறுபடியும் இறங்கியது. வேலைக்கு வந்த அன்றைக்கே முதலாளியிடம் மல்லுக்கு நிற்கிறோமே என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனாலும் "வேணாம் சார்" என்றேன். அவர் அதை எடுத்துப்போய், அடிப்பாகத்தை அறுத்து, உள்ளே ஒரு இரும்புத் துண்டைத் தொங்கவிட்டு, கயிறு கோத்து, ஷெட் வாசலில் மாட்டிவிட்டார்.

"இதுதான் நம்ம கம்பெனி மணி. மூணு வேணாம்னு சொன்ன மணி" என்றார்.

மூணு என்றால் நான்தான். எங்கள் கம்பெனியில் பெயரைவிட நம்பர்தான் புழக்கம். முதலில் சேர்ந்த டிரைவர் ஒன்று. அடுத்து வந்த ஸ்டோர்காரர் இரண்டு. நான் மூன்று. மேஜர் நான்கு. மாதத்தில் ஒரு நாள், எந்த நாள் என்று ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது, மேஜர் கயிற்றை இழுப்பார். மணி அடித்தால் கையிலிருப்பதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்பக்க மைதானத்துக்குப் போய் வரிசையில் நின்று, ஆளுக்கொரு நம்பரை உரக்கச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாமல் அடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மேஜர் அறை அறையாகப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டு, கடைசியாக வந்து, கடைசி நம்பரைச் சொல்லி, "கலையலாம்" என்பார். பொறுப்பில் இருக்கிறவன் கடைசியாகத்தான் வெளியே வர வேண்டும் என்பது அவர் சட்டம். அதனால் புதிதாக ஒரு ஆள் சேரும்போதெல்லாம் அவர் நம்பர் ஒன்று ஏறும். நாலில் ஆரம்பித்தவர் பத்தானார், ஐம்பதானார், நூறானார்.

"பட்டாளத்துல என் பிரமோஷன் மேஜரோட நின்னுபோச்சு. இங்க பாரு, ஆள் சேரச் சேர வருது!" என்று வயிறு குலுங்கச் சிரிப்பார்.

இன்னும் இரண்டு சட்டம் உண்டு. அவற்றையும் சொல்லிவிட்டால்தான் அன்று நடந்த கூத்து புரியும். ஒன்று, நிஜமா ஒத்திகையா என்று யாரும் கேட்கக் கூடாது. "கேள்வியை வெளிய வந்து கேளு" என்பார். மற்றொன்று, கம்பெனிக்கு வந்த விருந்தாளி பக்கத்தில் இருப்பவரின் பொறுப்பு. கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட வேண்டும், அவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும்.

ஊரில் முதலில் அவரைக் கிறுக்கன் என்றுதான் சொன்னார்கள். மரச்சாமான் கடைத் தெருவில் டேப்பும் கையுமாகப் போய் நடைபாதையை அளப்பார். வழியில் கட்டில் அடுக்கியிருந்தால் போச்சு, தெருவே அதிரும். கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். இவர் விடுவாரா! மறுநாளும் போய் அளந்தார். அவர் தொல்லை தாங்காமல் வழியை ஒழித்துக் கொடுத்தார்கள், அவர் சொன்னபடி நம்பர் போட்டு எண்ணவும் பழகினார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தத் தெருவில் நிஜமாகவே தீப்பிடித்தது. வார்னிஷும் மரத்தூளும் சேர்ந்து எரிந்தால் கேட்கவா வேண்டும்? நாற்பது கடை சாம்பல். ஆனால் பஸ் நிலையத்தில் நின்று எண்ணியபோது ஒரு ஆள்கூடக் குறையவில்லை. அடுத்த வாரமே வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவராகச் சொல்லி வாசலில் வந்து நின்றார்கள். மாட்டேன் என்றார்.

"அப்ப நாங்க மறுபடியும் வழியில கட்டில் போடுவோம் சார்" என்றார்கள்.

ஒத்துக்கொண்டார். பதினோரு வருடம் தலைவராக இருந்தார். கூப்பிட்டால் இலவசமாக ஓடிவரும் ஆம்புலன்ஸ் அந்தக் காலத்தில் வந்ததுதான். அது எங்கள் மைதானத்தில்தான் நிற்கும். நம்ம டிரைவர் ஒன்றுதான் ஓட்டுகிறார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை. அப்போது அவர் நம்பர் நூற்று நாற்பத்தாறு. நான் எப்படி அழுதேன் என்று சொல்ல மாட்டேன். அழுதேன், அவ்வளவுதான்.

கம்பெனியை நடத்த மகள் வந்தாள். வெளியூரில் பெரிய என்ஜினியர். கெட்டவள் இல்லை, சொல்லக் கூடாது, படு கெட்டிக்காரி. பெயின்ட் அடிக்கும் இடத்தில் புகை போக ஃபேன் வைத்தாள், சாப்பாட்டு நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டினாள். எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிட்டது, எனக்கும்தான். அவள் வந்த பிறகு ஒரே ஒரு தடவை மணி அடித்தோம். எண்ணிக்கை நூற்று நாற்பத்தைந்தில் வந்து நின்றது. அதற்கு மேல் சொல்ல ஆளில்லை. கலையலாம் என்று சொல்லவும் ஆளில்லை. வெயிலில் அசடு வழிய நின்றுவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போனோம்.

அதோடு சரி. அடுத்த மாதம் ஆர்டர் இருக்கிறது, வேண்டாம் என்றாள். மூன்றாவது மாதம் ஒரு நோட்டீஸ் ஒட்டினாள். வாசலில் கார்டு மெஷின் வரப்போகிறதாம், யார் உள்ளே, யார் வெளியே என்று அதுவே காட்டிவிடுமாம். இனி மணியும் வேண்டாம், எண்ணிக்கையும் வேண்டாம். நான் நேரே அவள் அறைக்குப் போய் நின்றேன்.

"மேடம், மணி?"

"மணியைப் பாலிஷ் போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிடலாம் அக்கா. அப்பா படத்துக்குப் பக்கத்துல, ஞாபகமா இருக்கும்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அடிப்பதற்காகச் செய்த மணியைப் பெட்டிக்குள் பூட்டுவதுதான் அந்த மனுஷனுக்கு மரியாதையா? இதுதான் என் கேள்வி. இதைத்தான் மேயர் முன்னால் கேட்கத் துடித்தேன். விழாவுக்கு மறுநாள் காலையில் மணியை இறக்க ஆள் வரப்போகிறது. அன்று கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது.

விழா எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில். மேடைக்குப் பின்சுவரில் மேஜரின் படம், நீலத் துணி போட்டு மூடியிருந்தது. அதை ஒட்டினாற்போல் மணி. ஷெட்டைப் பெரிதாக்கியபோதே அதை அங்கே மாற்றிவிட்டோம். ஸ்டோர்காரர் காலையிலிருந்து கால் தரையில் படாமல் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி, ஊசி போட்டுக்கொள்கிறவர். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள, சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் பிஸ்கெட் பொட்டலம் இருக்கும். அன்று பார்த்துப் புதுக் கோட்டு.

"பிஸ்கெட் எங்க?"

"பாக்கெட் உப்பிக்கிட்டு அசிங்கமா இருக்கும்மா."

"ஏதாவது சாப்பிட்டீங்களா இல்லையா?"

"விழா முடியட்டும். நீ உன் பேச்சைப் பாரு. மேயரை 'ஏய்'னு கூப்பிட்டுடாத."

இருபத்திரண்டு வருடமாக இதே வாய். திருப்பிக் கொடுக்க எனக்கு நேரமில்லை, போய்விட்டேன்.

மேயரின் இருபது நிமிடம் முப்பத்தைந்து ஆனது. மேஜரின் கடமை, கண்ணியம் என்று இழு இழு என்று இழுத்தார். டேப் பிடித்து அளந்தது, கட்டிலை இழுத்துத் தெருவில் போட்டது, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. ஸ்டோர்காரர் என் பக்கம் குனிந்து, மேயருக்குக் கொடுக்கும் ஷீல்டை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நழுவினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. கூடத்தில் புழுக்கம், எல்லோருக்கும்தான் வேர்த்தது. என் கையிலிருந்த பேச்சுக் காகிதமே நனைந்துவிட்டிருந்தது. படம் திறந்ததும் என் முறை.

மகள் எழுந்தாள். நீலத் துணியின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

துணி அசையவில்லை. மணி அடித்தது.

டங்! டங்! டங்!

அலங்காரத்துக்கு வந்த ஆசாமி செய்த வேலை அது. துணிக்குக் கட்டிய கயிறு எட்டவில்லை, பக்கத்தில் ஒரு வெள்ளைக் கயிறு சும்மா தொங்குகிறதே என்று அதோடு முடிச்சுப் போட்டுத் தொலைத்திருக்கிறார். துணி விலகவில்லையே என்று மகள் இன்னும் பலமாக இழுக்க, மணி இன்னும் பலமாக அடித்தது. அது கயிறு மாறிய கோளாறு என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கால்கள் கேட்டால்தானே? கூடமே ஒரே சமயத்தில் எழுந்தது. யாரும் தள்ளவில்லை, கத்தவில்லை, நான்கு வாசலிலும் பிரிந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பேக்கிங் பிரிவு அக்கா மேடையேறி மேயரின் முழங்கையைப் பிடித்துவிட்டாள்.

"எங்கம்மா என்னை இழுத்துட்டுப் போற?"

"கேள்வியை வெளிய வந்து கேளுங்க சார்."

சிரிப்பை அடக்கமாட்டாமல் நானும் நடந்தேன். மேயர் பேசியதில் தூங்கியவர்கள்கூட எழுந்துவிட்டார்கள் ஐயா! இரண்டு மாதத்துக்குப் பிறகு மணிச்சத்தம் கேட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மைதானத்தில் வரிசை மளமளவென்று சேர்ந்தது.

"ஒண்ணு!" என்றார் டிரைவர்.

நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். எனக்கு முன்னால் ஒரு குரல் வர வேண்டும். இருபத்திரண்டு வருடமாக, மூக்கால் பேசுகிற அந்தக் கரகரக் குரலுக்குப் பிறகுதான் என் குரல் வந்திருக்கிறது. வரவில்லை. பக்கத்தில் பார்த்தேன். இடம் காலியாக இருந்தது. வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

வேர்த்த முகம், பிஸ்கெட் இல்லாத கோட்டு, எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்தன. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே ஓடினேன். காலிக் கூடத்தில் மகள் மட்டும் கயிறும் கையுமாக மேடையில் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"என்ன அக்கா இது, மேயரை நடுவுல விட்டுட்டு எல்லாரும் எழுந்து போறதா? அவமானமா இருக்கு!"

"ரெண்டைக் காணோம் பாப்பா!"

மேடம் என்ற சொல் எங்கே போனதோ, சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி வந்துவிட்டது. அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு எனக்கு முன்னால் ஓடினாள்.

ஸ்டோர் கதவு சாத்தியிருந்தது. அலமாரி வரிசைகளுக்கு நடுவில் மனுஷன் ஒருக்களித்துக் கிடந்தார். கோட்டு தொப்பலாக நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, வாய் என்னவோ சம்பந்தமில்லாமல் உளறியது. பக்கத்தில் ஷீல்டு. எல்லா அறையிலும் முதலுதவிப் பெட்டி, எல்லாப் பெட்டியிலும் குளுக்கோஸ், இதுவும் மேஜர் சட்டம்தான். மகள் குளுக்கோஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கன்னத்துக்கு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக வைத்தாள்.

"முழுங்குங்க. இன்னும் கொஞ்சம். முழுங்குங்க அண்ணே."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது ஒரு வருடம். பிறகு கண் நிலைக்கு வந்தது. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஷீல்டு உடைஞ்சிடுச்சா?" என்றார்.

"உங்க மண்டைதான் உடையணும்!" என்று கத்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமாவது ஒன்றாவது.

அதற்குள் டிரைவர் ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டார். நாடியைப் பார்த்தார். எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியவர், பார்த்தாலே தெரியும் அவருக்கு.

"நல்ல வேளை. விழா முடிஞ்சு தேடியிருந்தா ஆள் கிடைச்சிருக்க மாட்டாரு" என்றார்.

வண்டி கிளம்பியது. மகள் ஸ்டோர் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"அவர் ரெண்டு சொல்லல பாப்பா. அவர் சொல்லாம நான் எப்படி மூணு சொல்றது? உன் மெஷின் அவர் உள்ள இருக்காருன்னு சொல்லும். விழுந்து கிடக்கறாருன்னு சொல்லுமா?"

கேட்டேவிட்டேன். மேயர் முன்னால் இல்லை, ஒலிபெருக்கியில் இல்லை.

"அன்னிக்கு மாடி ஜன்னல்ல நின்னு கேட்டேன் அக்கா. நூத்தி நாப்பத்தஞ்சோட நின்னுபோச்சு. அப்புறம் சத்தமே இல்ல. என்னால தாங்க முடியல. அதான் மணியே வேணாம்னு... மெஷின் எல்லாம் சும்மா."

அடக் கடவுளே! நான் என்னென்ன நினைத்திருந்தேன் இந்தப் பெண்ணைப் பற்றி. அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டேன். அவள் என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள்.

"போங்க. வரிசை காத்துட்டிருக்கு."

போய் நின்றேன். பேக்கிங் அக்கா இன்னும் மேயரின் முழங்கையை விடவில்லை. அவரும் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தார். வராதவருக்குப் பதில், அவரைக் கடைசியாகப் பார்த்தவர் சொல்ல வேண்டும் என்பதும் மேஜர் சட்டம்தான். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினேன்.

"ஒண்ணும் ரெண்டும் ஆம்புலன்ஸ்ல! ரெண்டும் பத்திரம்! மூணு!"

நாலு, அஞ்சு, ஆறு என்று கிளம்பியது பாருங்கள்! இப்படி ஒரு எண்ணிக்கையை நான் கேட்டதே இல்லை. ஒவ்வொருவரும் அடித்தொண்டையிலிருந்து சொன்னார்கள். ஐம்பது, அறுபது, நூறு. வெல்டிங் பிரிவில் சிலர் அழுதுகொண்டே சொன்னார்கள். கடைசியாகச் சேர்ந்த பேக்கிங் பெண் கீச்சுக் குரலில் "நூத்தி நாப்பத்தஞ்சு!" என்றாள்.

அதற்குப் பிறகு அமைதி. மறுபடியும் அதே அமைதி. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அப்போது உள்ளேயிருந்து கதவு சாத்தும் சத்தம் வந்தது. பெயின்ட் அறைக் கதவு, அது கொஞ்சம் கிறீச்சிடும். பிறகு என் டெஸ்டிங் அறை. பிறகு ஸ்டோர். பிறகு சாப்பாட்டுக் கூடத்தின் பெரிய கதவு. ஒன்று விடாமல் சாத்திவிட்டு மகள் வெறுங்காலோடு வெளியே வந்தாள். வரிசையின் கடைசிக்குப் போய் நிமிர்ந்து நின்றாள்.

"நூத்தி நாப்பத்தாறு!"

மைதானத்துக்கு வெளியே தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டாம் தடவை முயற்சி செய்துதான் அவளால் சொல்ல முடிந்தது.

"கலையலாம்."

ஒருவரும் கலையவில்லை. கை தட்டினோம், விசில் அடித்தோம், மேயரும் தட்டினார். என் மூன்று நிமிடம் போனது போனதுதான். யாருக்கு வேண்டும் அது? படத்தின் துணியை மாலையில் நாற்காலி போட்டு ஏறி நானே கழற்றினேன்.

மணியை இறக்க மறுநாள் வந்த ஆளை டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். கண்ணாடிப் பெட்டி மட்டும் வந்து சேர்ந்தது. வீணாக்குவானேன் என்று அதை ஸ்டோரில் மாட்டினோம். நான்கு நாளில் திரும்பி வந்த ஸ்டோர்காரர் அதில் பிஸ்கெட் அடுக்கி வைத்திருக்கிறார். கண்ணெதிரில் இருக்கிறது, இனி பாக்கெட் உப்புகிறது என்று சாக்குச் சொல்ல முடியாது.

அடுத்த மாதம் பெயின்ட் பிரிவுக்குப் புதிதாக ஒருவர் சேர்ந்தார். நூற்று நாற்பத்தாறு என்று எழுதிய அட்டையை அவர் கையில் கொடுத்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதே வாரத்தில் ஒரு நாள், நான் பம்ப் அடித்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கையில், மணி அடித்தது. போட்டது போட்டபடி ஓடினோம். ஒன்று சொன்னார், இரண்டு மூக்கால் சொன்னார், நான் சொன்னேன், புது ஆள் வரைக்கும் வந்தது. கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. கடைசியாக அவள் வந்தாள்.

"நூத்தி நாப்பத்தேழு!" என்றாள். பிறகு வரிசையின் அந்தக் கோடியிலிருந்து தலையை நீட்டி என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, பிரமோஷன்!"